மக்சிக் வீட்டு டிவியும் ஒரு சொல்லும்

நம் வயதுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறீர்கள். கறுப்பு வெள்ளை டிவி, அதற்கு முன்னால் பாயில் இருபது பேர், அடியில் "அந்தக் காலம் வருமா?" என்று ஒரு கேள்வி. நேற்றுகூட இரண்டு பேர் அனுப்பினீர்கள். கும்பிட்ட கையும் கண்ணீரும் இதயமுமாகப் பதில்கள் வந்து குவிந்தன. நான் ஒன்றும் போடவில்லை. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே சந்தேகம் வருகிறது. அந்த இருபது பேரில் யாருக்கு யார் மேல் மனத்தாங்கல், நாளைக்கு யார் வராமல் நின்றுவிடுவார்கள் என்றுதான் தேடத் தோன்றுகிறது. கெட்ட புத்தி என்று சொல்லிவிட்டுப் போங்கள். அப்படி ஒரு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவள் நான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் செம்பருத்தி வேலி ஒன்றுதான். பக்கத்து வீட்டில் ஒரு சிட்டி அம்மாளும் அவர் மகனும் இருந்தார்கள். மலாக்காச் சிட்டிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், சாரோங்கும் கெபாயாவும் உடுத்துவார்கள். வீட்டில் பேசுவது ஒரு தினுசான மலாய். தமிழ் வராது. கோயில் காரியத்திலும் உறவு முறையிலும் சில தமிழ்ச் சொற்கள் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அந்த அம்மாளை நாங்கள் மக்சிக் என்று கூப்பிட்டோம். சித்தி, அத்தை, பெரியம்மா எல்லாருக்கும் மலாயில் அந்த ஒரு சொல் போதும்.

எங்கள் வரிசையில் முதல் டிவியை வாங்கியவர் மக்சிக்கின் மகன். அவர் ஓர் ஆபீசில் குமாஸ்தா. நாலு கால் வைத்த மரப்பெட்டி, முன்னால் மடக்குக் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. எங்கள் அப்பாவுக்கு அந்தப் பூட்டு உறுத்தியது. அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். யாரைக் கண்டாலும் டிக்கெட் எடுக்காதவர் என்றே முதலில் நினைப்பார். "பூட்டுப் போட்ட சாமான தெருவுக்கே தொறந்து காட்டுறாங்கன்னா, அதுல என்னமோ இருக்குலா" என்றார். சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்கு மெங்குவாங் பாய், பிள்ளைகளுக்கு முன்வரிசை சிமெண்டுத் தரை. கழுத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குப் பிடரி வலிக்கும். பக்கத்தில் உட்காரும் பையன் சொறிந்துகொண்டே இருப்பான். வாசலில் கட்டைச் செருப்புகள் குவிந்து கிடக்கும். திரும்பிப் போகும்போது மாற்றிப் போட்டுக்கொண்டு மறுநாள் காலை சண்டை நடக்கும். தேங்காயெண்ணெய், வியர்வை, சூடேறிய டிவியிலிருந்து வரும் ஒரு தீய்ந்த வாசனை, இதெல்லாம் கலந்த காற்று அந்த அறையில் நகராமல் நிற்கும். காற்று நகராததற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு மேசை மின்விசிறி இருந்தது. அதைப் போட்டால் திரையில் குறுக்குக் கோடு ஓடும் என்று மகன் அணைத்தே வைத்திருப்பார். முப்பது பேர் வெந்தாலும் படம் தெளிவாக இருக்க வேண்டும்.

யார் எங்கே உட்காருவது என்பதும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. ஓர் இடம் காலியாக இருந்தால் மக்சிக் உடனே வேலிப்பக்கம் போய்ச் சத்தம் கொடுப்பார். எனக்கு அது தொல்லையாக இருந்தது. வயிற்றுவலி என்று ஒருநாள் போகாமல் இருந்தால் அதற்கும் வந்து விசாரிப்பார்.

அந்த வருஷம்தான் சித்தப்பா ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துச் சித்தியைக் கப்பலில் கூட்டி வந்தார். சித்தப்பா சிங்கப்பூருக்கு லாரி ஓட்டுபவர். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். சித்திக்கு மலாய் ஓர் எழுத்து தெரியாது. பாசாரில் கடைக்காரரிடம் கூடையை நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாள். வந்த மூன்றாம் மாதமே உண்டாகிவிட்டாள். சோற்று வாசனை ஆகவில்லை. மக்சிக் புளி போட்டு வைக்கிற மீன் குழம்பு மட்டும்தான் உள்ளே இறங்கியது. மக்சிக் மலாயில் பேசுவார், சித்தி தமிழில் பேசுவாள், இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். டிவி பார்க்கும்போது சித்திக்கு மக்சிக் பக்கத்தில்தான் இடம். செய்தி வாசிக்கும் ஆள் தலையைத் தூக்கும்போதெல்லாம் சித்தி முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். மக்சிக் வாய் பொத்திச் சிரிப்பார்.

ஆனாலும் சித்திக்கு ஓர் ஐயம் இருந்தது. "பாப்பா, இவங்க திருநீறு பூசுறாங்க, பொங்கல் வைக்கிறாங்க. தமிழ் மட்டும் வராதாம். நம்புற மாதிரியா இருக்கு? நாம பேசுறத எல்லாம் கேட்டுக்கிட்டு கம்முனு இருக்காங்களோ என்னவோ" என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள். நான் சிரித்தேன். அப்போதே நன்றாக விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் மழை பெய்வது போலப் புழுங்கி, பெய்யாமல் ஏமாற்றியது. அப்பாவுக்கு வேலை. அம்மா வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். நானும் சித்தியும் மட்டும் போயிருந்தோம். பாட்டும் ஆட்டமுமாக என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. சித்தி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். மக்சிக் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்துக் கத்தினார்:

"பாசாங்! செப்பாட் பாசாங்!"

உங்களுக்குப் புரிந்திருக்கும். போடு, சீக்கிரம் போடு என்று அர்த்தம். மின்விசிறியைத்தான் சொன்னார். மகன் பாய்ந்து போய்ப் போட்டார். திரை முழுக்கக் கோடு விழுந்தது. யாரோ "அடடா" என்றார்கள், படம் போய்விட்டதே என்று. மக்சிக் சித்தியின் முகத்தில் தண்ணீர் தெளித்து, கழுத்தைத் துடைத்து, ரவிக்கையின் மேல் கொக்கியைத் தளர்த்திவிட்டார். சித்தி கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தவள் மக்சிக்கின் கையை மெல்ல விலக்கினாள். நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். "நான் நடிக்கிறேன்னு சொல்லிட்டாங்கக்கா. அத்தன பேர் முன்னால."

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "மக்சிக்கா? ஒனக்குத்தான் மலாய் தெரியாதே?"

"தமிழ்லயே சொன்னாங்கக்கா. என் காதால கேட்டேன்."

அப்பா வேலை முடிந்து வந்ததும் விஷயம் அவரிடம் போனது. அவர் காக்கிச் சட்டையைக் கழற்றக்கூட இல்லை. "பாத்தியா? நான் அப்பவே நெனச்சேன். தமிழ் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டு, திட்டுறதுக்கு மட்டும் வந்திருக்கு. சும்மா கூட்டி வச்சு படம் காட்டுனா நம்மள என்னா வேணாலும் சொல்லலாம்னு நெனப்பு. இனிமே ஒருத்தரும் அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. நாமளே ஒண்ணு வாங்குவோம்லா."

வாங்குவோம் என்ற சொல் என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. சொந்த டிவி! கழுத்து வலிக்காது. சொறிகிற பையன் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் யார் வீட்டிலும் இல்லை. அன்று இரவு நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் பிற்பகல் சித்தி கங்கோங் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"பாப்பா, நீ அந்தத் தெருப் பிள்ளைங்களோட மலாய்லதானே பேசுற? 'பாசாங்கு'ன்னு அவங்க பாஷையில ஏதாச்சும் வார்த்தை இருக்கா? நான்தான் தப்பாக் கேட்டுட்டேனோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அவங்க அப்படிப்பட்டவங்க இல்லம்மா."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மயக்கத்தில் இருந்தவள் 'பாசாங்'கை நம் 'பாசாங்கு' என்று கேட்டிருக்கிறாள். மலாய் தெரிந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இது தோன்றாமல் போனதற்குக் காரணம், அவர்களிடம் சித்தி அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. நடிக்கிறேன் என்றார்கள் என்றுதான் சொன்னாள். உலகத்திலேயே அந்தக் குளறுபடியை அறிந்த ஒரே ஆள் நான். ஒரே ஒரு வரி சொன்னால் போதும். சித்தி அடுத்த நிமிஷம் வேலி தாண்டி ஓடியிருப்பாள். அப்பா டிவி வாங்கியிருக்கமாட்டார்.

"இல்ல சித்தி," என்றேன். "அப்படி ஒரு வார்த்தையே மலாய்ல இல்ல."

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கீரையை ஆயத் தொடங்கினாள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எனக்குப் பரிந்து பேச வராதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது.

டிவி வந்தது. மக்சிக் வீட்டு டிவியைவிட ஒரு சாண் பெரியதாகப் பார்த்து அப்பா வாங்கினார். கூரையில் ஏரியல் கட்ட ஆள் வந்தபோது தெருவே பார்த்தது. எங்களைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் ஒன்று வாங்கினார். அவரைப் பார்த்துக் கடைக்காரர் வாங்கினார். மூன்று மாதத்துக்குள் கூரைக்குக் கூரை கம்பி நின்றது. மாலையானால் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கும், எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல் வரும். சத்தம் குறைவாக இருந்தால் பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கிறது என்று அப்பா பெரிதாக வைப்பார். கதவைத் தட்டி வருகிற பிள்ளைகளை ஜன்னல் வழியாகவே திருப்பி அனுப்புவார். "ஓசியில பாக்க வந்துட்டானுங்க" என்பார். அவர் ஓசியில் எத்தனை மாதம் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

மக்சிக் இரண்டு தடவை வேலி ஓரம் வந்து ஏன் வருவதில்லை என்று கேட்டார். வேலை அதிகம் என்று அம்மா மலாயில் சொல்லி அனுப்பினாள். ஒரு நாள் மூடிய கிண்ணத்தில் புளிக்குழம்பு வந்தது. அம்மா அதை மோந்து பார்த்துவிட்டுச் சாக்கடையில் ஊற்றினாள். "எதுக்கு வம்பு? என்னா மனசுல குடுத்தாங்களோ." சித்தி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தாள். குழம்பு வாசனை வெகுநேரம் சாக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அதோடு இன்னொரு பயமும் கிளம்பியது. டிவியிலிருந்து வருகிற வெளிச்சம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ அம்மாவிடம் ஓதிவிட்டார்கள். சித்தியைப் பின்வரிசைக்கும் பின்னால், அடுப்படிப் பக்கம் ஒரு முக்காலியில் உட்காரச் சொன்னார்கள். எங்கள் முதுகைத்தான் அவள் பார்த்திருப்பாள். அவள் எப்போது எழுந்து போகிறாள், எப்போது வருகிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் திரும்பினால்தானே?

ஒரு நாள் மாலை பழைய தமிழ்ப் படம் ஒன்று போட்டார்கள். தமிழ்ப் படம் எப்போதாவதுதான் வரும். அப்பா விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். சித்தப்பா சிங்கப்பூரில். தெருவில் நம் வீடுகள் எல்லாவற்றிலும் அதே படம் ஓடியது. மக்சிக் வீட்டில் மட்டும் டிவி போடவில்லை. அவர்களுக்குத் தமிழ் புரியாது. முன்பெல்லாம் எங்களுக்காகவே தமிழ் நிகழ்ச்சிகளை ஓடவிட்டு, புரியாமல் கூடவே உட்கார்ந்திருப்பார்கள்.

படத்தில் கதாநாயகி பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிற கட்டம். அம்மா மூக்கை உறிஞ்சினாள். "என்னமா அழுவுறா பாருங்க" என்றாள். திரையில் அவள் அழுதுவிட்டு வாயை மூடினாள். அழுகை நிற்கவில்லை. நான் அடுப்படிப் பக்கம் திரும்பப் போனேன். அதற்குள் பாட்டு வந்துவிட்டது. நான் பாட்டைப் பார்த்தேன்.

பாட்டு முடிவதற்குள் முன்கதவு படாரென்று திறந்தது. மக்சிக். காலில் செருப்பில்லை, சாரோங்கை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தார். எங்களுக்கும் டிவிக்கும் நடுவில் புகுந்து ஓடினார். அப்பா எழுந்துவிட்டார். "என்னா இது? கேக்காம கொள்ளாம வீட்டுக்குள்ள! எங்க வீட்டு டிவிய பாக்க இப்படியா வரணும்?"

மக்சிக் நிற்கவில்லை. அடுப்படியைத் தாண்டிக் குளிக்கிற அறைக்குப் போனார். அங்கே சித்தி பாசி பிடித்த தரையில் வழுக்கி விழுந்து கிடந்தாள். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள், அம்மாவை, அப்பாவை, என்னை. படம் பாதி ஓடி முடியும்வரை கூப்பிட்டிருக்கிறாள். டிவி போடாத ஒரு வீட்டில் மட்டும்தான் அது கேட்டது.

மக்சிக்கின் மகன் யாரிடமோ கார் கேட்டு வாங்கி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சித்தி பிழைத்தாள். பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை என்றார்கள். அம்மா டிவி வெளிச்சத்தைத்தான் குறை சொன்னாள். அப்பா ஒரு வாரம் டிவியைப் போடவில்லை. எட்டாம் நாள் போட்டார்.

சித்தி வீடு திரும்பிய அன்று மக்சிக் வந்தார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. சித்தியின் கட்டில் ஓரம் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டார். சித்தி அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, நான் சொல்றத அவங்க பாஷையில கேளு. என்னைக் காப்பாத்தினவங்க நீங்க. ஆனா அன்னிக்கு ஏன் என்னைப் பாசாங்குன்னு சொன்னீங்க? எனக்கு அது ஒண்ணுதான் மனசுல குத்திக்கிட்டே இருக்குன்னு கேளு."

 நான் மொழிபெயர்ப்பதற்குள் மக்சிக் நிமிர்ந்தார். அவ்வளவு தமிழிலும் அவருக்குத் தெரிந்த சொல் ஒன்று அகப்பட்டுவிட்டது. "பாசாங்?" என்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் எங்கள் மின்விசிறி இருந்தது. பாவம், புழுங்குகிறது போல என்று நினைத்து எழுந்து போய் அதைப் போட்டுவிட்டு, அதன் முகத்தைச் சித்தி பக்கம் திருப்பி வைத்தார். காற்று சித்தியின் நெற்றி முடியைத் தூக்கியது.

அந்த இடத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே உண்மை தானாக வெளியே வந்திருக்கும். சித்தி குழம்பிப் போய் என்னைப் பார்த்தாள். "கேட்டதுக்குப் பதில் சொல்லாம எதுக்கு எழுந்து போறாங்க?"

"வெக்கப்படுறாங்க சித்தி," என்றேன். எப்படித்தான் வந்ததோ அந்த வார்த்தை. "தெரியாம சொல்லிட்டாங்களாம். மன்னிச்சிக்கச் சொல்றாங்க."

சித்தியின் முகம் தெளிந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு தெளிவை அவள் முகத்தில் பார்த்தேன். 

இரண்டு மாதத்தில் சித்தியை ஊருக்கே அனுப்பிவைத்தார்கள். அவளுடைய அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் தேறிவிட்டு வருவாள் என்றார்கள். அவள் வரவில்லை, சித்தப்பாதான் போனார், அங்கேயே இருந்துவிட்டார். நான் சித்தியை மறுபடி பார்க்கவே இல்லை. இப்போது சித்தியும் இல்லை, மக்சிக்கும் இல்லை. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால், வரட்டும்.

புறப்படுகிற அன்று வாடகைக் கார் வாசலில் நின்றது. மக்சிக் வேலியைச் சுற்றி வந்து சித்தியைக் கட்டிப்பிடித்தார். சித்தி அவர் காதருகே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க அன்னிக்குச் சொன்னத நான் மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்."

மக்சிக் என் பக்கம் திரும்பி, சித்தி என்ன சொல்கிறாள் என்று மலாயில் கேட்டார்.

"உங்களை மறக்கவே மாட்டாராம்" என்றேன்.